மருதையன் ஊதிப் பார்க்கிறார்

சென்சாரை வாயருகே கொண்டுபோய் ஊதுகிறார் மருதையன். கையிலிருக்கும் ஆக்சிஜன் மீட்டரில் எண் மளமளவென்று இறங்கி, பெட்டி அலறுகிறது. அப்புறம்தான் அவர் முகம் கொஞ்சம் தெளிகிறது. எண் ஏறும்வரை காத்திருந்து மறுபடி ஊதுகிறார். தொட்டிக்குள் இறங்க வேண்டிய ஆள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எரிச்சலோடு நிற்கிறான். "நாம விட்ட மூச்சுல ஆக்சிஜன் கொறச்சல். அதுக்கே கத்தலன்னா இது செத்துப்போச்சுன்னு அர்த்தம்" என்கிறார் அவனிடம்.

நான் நெல் கொண்டுபோய்ப் போடும் அரிசி ஆலை அது, நன்னிலத்துக்குப் பக்கத்தில். நெல் ஊறிய தண்ணீர் சேரும் ஆழத்தொட்டியில் சேறு புளித்து, உள்ளே இருக்கிற காற்றைக் கெடுத்துவிடும். இறங்கியவன் மயங்கி விழ அதிக நேரம் பிடிக்காது. அதனால் ஒயர் நுனியிலிருக்கும் சென்சாரை உள்ளே விட்டுப் பார்த்து, இறங்கலாமா என்று சொல்வது மருதையனின் வேலை. ஆட்சி மாறினால் ஆலை வாசலில் கொடி மாறும். சேற்றை ஆள் இறங்கித்தான் அள்ளுகிறார்கள்.

அவர் தங்கை ராசம்மாளின் புருஷன் காத்தான். குத்தகைக்கு உழுத நிலத்தில் உன் பேர் பதிவில்லை என்று நிலக்காரர் வெளியேற்ற, கோர்ட்டிலும் தோற்றுக் கூலிக்கு வந்தவன். ஆலையில் சேர்த்துவிட்டவர் மருதையன்தான்.

போன வருஷ ஆயுத பூஜையன்று எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்த மருதையன், சென்சாரின் முகத்திலும் சந்தனத்தை அப்பினார். காற்று நுழையும் சல்லடை அங்கேதான் இருக்கிறது. மறுநாள் வெட்டவெளியிலேயே எண் குறைவாகக் காட்டியது. பேட்டரியை மாற்றினார், ஒயரை மாற்றினார். மேலாகத் துடைத்த சந்தனம் துளைகளுக்குள் காய்ந்து கிடந்தது அவருக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் மீட்டரில் அளவு திருத்தும் திருகைத் திருப்பி எண்ணைச் சரியான அளவுக்கு ஏற்றிவிட்டார். மூக்கடைத்த சென்சார் தொட்டிக்குள் போன பிறகும் வெகுநேரம் வெளிக்காற்றின் கணக்கையே காட்டிக்கொண்டிருந்தது. "எறங்கு மாப்ள, காத்து இருக்கு" என்றார்.

காத்தானின் உடலைக் கயிறு கட்டித்தான் தூக்கினார்கள். ராசம்மாள் அழவில்லை. "நீ பாத்துட்டுத்தான அண்ணே சொன்ன?" என்று கேட்டாள். அதோடு அண்ணனிடம் பேச்சை நிறுத்தியவள், இப்போது அதே ஆலையில் களம் கூட்டுகிறாள்.

இந்த மனுஷர் வேலையை விட்டுத் தொலையக் கூடாதா என்று எனக்கு ஆத்திரம். கேட்டும்விட்டேன். "வேற ஆளு ஊதிப் பாக்க மாட்டாங்க" என்றார்.

இந்த வருஷ பூஜைக்கும் மேஸ்திரி ரெங்கசாமி சந்தனக் கிண்ணத்தோடு பாய்லர், மோட்டார், பெல்ட் என்று வரிசையாக வந்தார். மருதையன் சென்சாரை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். மேஸ்திரி அடுத்த மெஷினுக்கு நகர்ந்துவிட்டார். களத்தில் ராசம்மாளின் துடைப்பம் நின்றது. அவள் பார்ப்பதைக் கண்டதும் கையைத் திறந்து ஊதினார். மீட்டர் அலறியது. அவர் அணைக்கவில்லை. அலறுகிற பெட்டியைத் தங்கை நின்ற பக்கமாகத் தூக்கிப் பிடித்தார்.