வளையல் மட்டும் ஏறிய பஸ்

2025 பிப்ரவரி 12, புதன்கிழமை, காலை 8 மணி 52 நிமிடம். நல்ல வெயில். வானத்தில் மேகம் நான்கு, நான்கும் கடல் பக்கம். அந்தமான் விமான நிலையத்தில் நானும் என் மனைவியும் இறங்கினோம். விமானப் படியில் பத்தொன்பது படிகள். அவள் என்னை எண்ணவிடாமல் பின்னாலிருந்து இரண்டு முறை தள்ளினாள்.

வந்தது மகளின் வளைகாப்புக்கு. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. மாப்பிள்ளை வீட்டாருக்கும் பூர்வீகம் எங்கள் ஊரை அடுத்த பாகூர்ப் பக்கம்தான். இரண்டு தலைமுறையாகத் தீவில் கடை வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி, வேப்பிலைக் காப்புக்குப் பிறகு கையில் முதலில் ஏற வேண்டியது தாய் வீட்டு வளையல். அன்று பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறக்கிறது. அதற்குள் போட்டாக வேண்டும். மகள் முதல் நாளே போனில் சொல்லிவிட்டாள்: “வேற யார் வளையல் வந்தாலும் கைய நீட்ட மாட்டேம்பா. உங்களுது வந்தாத்தான்.”

வில்லியனூர்க் கடைத்தெருவில் வாங்கிய கண்ணாடி வளையல்கள் ஒரு துணிப்பையில் இருந்தன. பச்சை எட்டு டஜன், சிவப்பு நான்கு டஜன், ஆக நூற்று நாற்பத்து நான்கு. பெட்டியில் போட்டால் விமானக்காரர்கள் வீசுவார்கள் என்று பையை நான் மடியிலேயே வைத்து வந்தேன். நான் வீசுவேன் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

மாப்பிள்ளை வண்டி எடுத்து வருவதாகத்தான் சொன்னார். விசேஷ வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும், நாங்களே வந்துவிடுகிறோம் என்று தடுத்தவன் நான். வாசலில் ஓர் ஆட்டோக்காரர் நானூற்றைம்பது ரூபாய் கேட்டார். பதினொரு கிலோமீட்டருக்கு நானூற்றைம்பது என்றால் கிலோமீட்டருக்கு நாற்பது ரூபாய் தொண்ணூறு பைசா வருகிறது. நான் வகுத்து முடிப்பதற்குள் அவர் வேறு ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கேட்டைத் தாண்டி நடந்தால் டவுன் பஸ் நிற்கும், ஆளுக்குப் பதினைந்து ரூபாய், கடைத்தெரு பஸ் நிலையத்தில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன்.

நடந்தோம். அறுநூற்று எண்பது தப்படி. நிறுத்தத்தில் எங்களுக்கு முன்னால் பதினொரு பேர் நின்றார்கள், ஒருவர் பின் ஒருவராக. அதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

நான் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவு எழுத்தராக இருந்தவன். வீடு அபிஷேகப்பாக்கம். முப்பத்தொரு வருடம் தவளக்குப்பம் கூட்டுரோட்டில் நின்று வேலைக்குப் பஸ் பிடித்தேன். கடலூரிலிருந்து வரும் பஸ் அங்கே நிற்பதற்குள் ஜன்னல் வழியாகச் சீட்டில் எதையாவது போட்டுவிட வேண்டும். துண்டு, சோற்றுப் பை, எதுவானாலும் சரி. பிறகு நிதானமாகப் படியேறிப் போனால் அந்த இடம் நமக்கு. துண்டு கிடக்கும் சீட்டில் எங்கள் பக்கத்தில் எந்த ரௌடியும் உட்கார மாட்டான்.

9 மணி 41க்குப் பஸ் வந்தது. மூன்றாவது ஜன்னலுக்குள் ஒரு சீட்டு காலியாகத் தெரிந்தது. முப்பத்தொரு வருடப் பழக்கம் கையில் இருந்தது. கையில் இருந்த இன்னொன்று வளையல் பை. போட்டுவிட்டேன்.

போட்டுவிட்டு வாசலுக்கு வந்தால், அந்தப் பதினொரு பேரும் ஒவ்வொருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் முன்னால் போகப் பார்த்தேன். ஓர் அம்மாள் திரும்பி, வரிசையின் கடைசியைக் கையால் காட்டினார். சீட்டுப் பிடித்திருக்கிறேன் என்று தமிழில் சொன்னேன். அவர் மறுபடியும் அதே இடத்தைக் காட்டினார். போய் நின்றோம். பதினோராவது ஆள் படியில் கால் வைத்ததும் கண்டக்டர் இடமில்லை என்று கையை விரித்து விசில் ஊதினார். பஸ் கிளம்பிவிட்டது. பை போகிறது, பை போகிறது என்று கத்திக்கொண்டு நாற்பது தப்படி ஓடினேன். எழுபத்திரண்டு வயதில் அதுதான் முடிந்தது.

திரும்பி வந்தபோது என் மனைவி பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

“சீட்டு புடிச்சிட்டியா?” என்றாள்.

எப்போதும் என்னை ‘இன்னாங்க’ என்று கூப்பிடுகிறவள். ஒருமையில் இறங்கினால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

நிறுத்தத்தை ஒட்டி ஒரு டீக்கடை இருந்தது. கடைக்காரர் தமிழர்தான்; தாத்தா காலத்தில் கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பமாம். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த பஸ் கடைத்தெரு போய், அங்கே போர்டை மாற்றிக்கொண்டு தெற்கே கடற்கரைக்குப் போய்விட்டு, பதினொன்றேகாலுக்குத்தான் மறுபடி பஸ் நிலையத்துக்கு வரும் என்று விவரம் சொன்னார். பை போய்விடுமா என்று கேட்டேன்.

“அதெல்லாம் எவனும் எடுக்க மாட்டான் சார். ஆனா இங்க யாரும் ஜன்னல்ல பை போட மாட்டாங்க. போட்டா, தொலைஞ்சி போன பைன்னு நெனச்சி போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்துடுவாங்க.”

பாதி ஆறுதல்தான். பஸ் நிலையத்துக்குச் சொல்லிவிட முடியுமா என்றேன். அங்கே உள்ள டைம்கீப்பரின் நம்பரை அவர் ஒருவழியாகத் தேடிப் பிடித்துப் பேசினார். மூன்றாவது ஜன்னல், மஞ்சள் துணிப்பை, உள்ளே கண்ணாடி, யாரும் உட்கார வேண்டாம் என்று எல்லாவற்றையும் இந்தியில் சொன்னார். அந்தப் பக்கம் பலமாகச் சிரிப்பது எனக்கே கேட்டது. பேசிக்கொடுத்த மனிதரின் கடையில் சும்மா நிற்கக்கூடாது என்று இரண்டு டீ குடித்தோம்.

அப்போது மகளின் போன் வந்தது. எங்கே இருக்கிறீர்கள் என்றாள். மனைவி போனைப் பிடுங்கினாள்.

“வளையலு முன்னாடி போயிடுச்சிடி. நாங்கதான் பின்னாடி வந்துக்கினு இருக்கோம்” என்றாள்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மகள் யார் கையிலோ கொடுத்தனுப்பியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, மணையில் உட்கார வைத்துவிட்டார்கள், சீக்கிரம் வாங்க என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். மாப்பிள்ளைக்காவது விஷயத்தைச் சொல்லலாமே என்றாள் மனைவி. தாய் வீட்டு வளையலைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு நிற்கிறேன் என்று சம்பந்தி வீட்டில் எந்த வாயால் சொல்வது? பத்து நிமிடம் பொறு என்றேன்.

அடுத்த பஸ் 10 மணி 14க்கு வந்தது. இந்த முறை வரிசையில் மூன்றாவது, நான்காவதாக நின்றோம். உட்கார இடமும் கிடைத்தது. பஸ் நிலையத்தில் இறங்கியபோது 10 மணி 39. பை இருந்த பஸ் தெற்கே போய்விட்டிருந்தது. டைம்கீப்பர் என்னைப் பார்த்ததும் எழுந்து, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காட்டினார். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். பதினொன்றேகால் ஆனது. பஸ் வரவில்லை. பதினொன்று பதினெட்டு. மனைவி கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். அவள் வேண்டிக்கொண்டாளா, என்னை வைதாளா என்று இன்றுவரை கேட்கவில்லை. இத்தனை வருடமாகப் பிள்ளை இல்லையா என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி ஓய்ந்த பெண், அங்கே மணையில் காத்திருக்கிறாள். நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்பது அந்தப் பெஞ்சில்தான் எனக்கு முழுவதும் உறைத்தது.

11 மணி 21க்குப் பஸ் வந்தது. உள்ளே எட்டுப் பேர் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது ஜன்னல் சீட்டில் பை மட்டும் உட்கார்ந்திருந்தது. டைம்கீப்பர் சொன்னதைக் கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொல்லி, போக வர ஒருவரையும் அதில் உட்காரவிடவில்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவருக்கும் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது.

“நல்ல பை. சத்தம் இல்ல. ஆனா டிக்கெட் வாங்கல” என்றார்.

எத்தனை நிறுத்தம் என்று நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். அவரே சிரித்துக்கொண்டு ஒரே ஒரு டிக்கெட் கிழித்தார், பதினைந்து ரூபாய். சில்லறையாகக் கொடுத்தேன்.

இன்னொரு பஸ்ஸுக்கு நிற்க நேரமில்லை. அவசரம் முகத்தில் எழுதியிருந்ததால் ஆட்டோக்காரர் அறுநூறு கேட்டார். நான் வகுக்கவில்லை. வழியில் மனைவி பையைப் பிரித்துத் தடவிப் பார்த்தாள். மூன்று உடைந்திருந்தன, மூன்றும் பச்சை, நான் வீசியதில் உடைந்தவை. அபசகுனம் என்று அவள் கண் கலங்கினாள். மீதி நூற்று நாற்பத்தொன்று, ஒற்றைப்படை, ஒற்றைப்படைதானே நல்லது என்றேன். அன்று நான் சொன்னதில் அவள் ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான். துண்டுகளை ஆட்டோக்காரருக்குத் தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது 11 மணி 46. மகள் மணையில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. சம்பந்தியம்மாள், இன்னும் பதினான்கு நிமிடம் இருக்கிறது, பதறாதீர்கள் என்றார். தண்ணீர் கொடுத்துக்கொண்டே, தீவில் எல்லாமே சீக்கிரம், இன்றைக்கு ஐந்து நாற்பதுக்கே சூரியன் வந்துவிட்டது, சாயங்காலம் ஐந்து இருபத்தாறுக்கெல்லாம் போய்விடும் என்று பேச்சுக்குச் சொன்னார்.

அவர் சும்மா இருந்திருக்கலாம். ஐந்து நாற்பதுக்கும் ஐந்து இருபத்தாறுக்கும் நடு, பதினொன்று முப்பத்து மூன்று. புதன்கிழமை ராகு காலம் உச்சிப்பொழுதில் பிறப்பது. காலண்டரில் பன்னிரண்டு என்று போட்டிருப்பது பொதுக்கணக்கு. இந்தத் தீவில் உச்சி பதினொன்று முப்பத்து மூன்றுக்கே ஆகிவிட்டது. அப்படியானால் ராகு காலம் பிறந்து பதின்மூன்று நிமிடம் ஆகிறது. நான் வாயைத் திறந்தேன்.

மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டாள். குங்குமக் கிண்ணத்தை எடுக்கிற மாதிரி என் பக்கம் குனிந்தாள்.

“கணக்கு ஏதாச்சும் இருந்தா நாளைக்கி சொல்லுங்க.”

மறுபடி ‘ங்க’ வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். அவள் போய் மகளின் முன்னால் உட்கார்ந்தாள். வேப்பிலைக் காப்பு ஏறியது. பிறகு மகள் கையை நீட்டினாள், பச்சையும் சிவப்புமாக ஏறின. வலது கையில் எத்தனை, இடது கையில் எத்தனை என்று எல்லாரும் சத்தமாக எண்ணினார்கள். நான் மட்டும் எண்ணவில்லை. கண்ணில் ஏதோ விழுந்து சரியாகத் தெரியவில்லை.

அந்தக் கணக்கை அடுத்த நாளும் சொல்லவில்லை. பேத்தி மே மாதம் பிறந்தாள், இரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம், சுகமாக.

பஸ் எங்கள் இருவருக்கும் முப்பது, பைக்குப் பதினைந்து, டீ முப்பது, ஆட்டோ அறுநூறு, உடைந்த வளையல் மூன்றுக்குப் பதினைந்து. விமான நிலையத்திலிருந்து மகள் வீடு போய்ச் சேர்ந்த செலவு, ஆக மொத்தம் அறுநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.