கை தூக்கியது தப்பு

அன்புச்செல்விக்கு அவசரக்குடுக்கை என்று பேர் வைத்தவள் நான்தான். கண்டாச்சிபுரம் பக்கம் எங்கள் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலைக் காட்டில், கூலிக்குக் களை எடுக்கும்போது தன் வரிசையை முதலில் முடித்துவிடுவாள். முடித்தவள் சும்மா நிற்க மாட்டாள். பின்தங்கியவளின் வரிசையில் எதிர்ப்புறமிருந்து களை எடுத்துக்கொண்டு வருவாள். அநேகமாக அந்தப் பின்தங்கியவள் நானாக இருப்பேன்.

மரக்காணம் பக்கம் கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகு ஓட்டக் கற்றுத்தரும் ஓரிடத்தில் வழிகாட்டி வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஒரே ஒரு வேலை. இருவரும் அங்கேயே தங்கிப் பழகினோம். எனக்கு அது ஆசை. அவளுக்கு அது கிடைக்காவிட்டால் ஊர்ப்பக்கம் காணையில் கரும்பு வெட்டுதான். கரையிலிருந்து கடலைக் கடந்து எதிரே இருக்கும் மணல்திட்டுக்குப் போய்ச் சேர்வதுதான் கடைசித் தேர்வு. பயிற்சி கொடுத்த அலெக்ஸ் முன்னதாகவே திட்டுக்குப் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதி வழியில் காற்று திரும்பியது. அலை ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தது. அன்பு வெகுமுன்னால் போய்விட்டாள். நான் கயாக்கின் மூக்கை அலைக்கு நேரே வைத்து, பெரிய அலைகள் போகட்டும் என்று காத்திருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். வராதே என்று கை தூக்கினேன். கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

கயாக்கைத் திருப்பினாள். பக்கவாட்டில் அலை அடித்தது. படகின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது, அவளைக் காணோம்.

எப்படித் துடுப்புப் போட்டேனோ தெரியாது. போய்ச் சேர்ந்தபோது லைஃப் ஜாக்கெட் அவளை மேலே கொண்டுவந்திருந்தது. படகை நிமிர்த்தி, என் படகோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தேன். ஏறப் பார்த்து வழுக்கி வழுக்கி விழுந்தாள். கடைசியில் எப்படியோ குப்புற விழுந்து ஏறினாள்.

“உனக்கு ஒண்ணும் ஆவலையே?” என்று என்னைக் கேட்டாள்.

“எனக்கு என்னடி? அலை போவட்டும்னு நின்னுக்கினு இருந்தேன்.”

“அப்பாடா. நீ முழுவப் போறேன்னு பயந்துட்டேன்.”

திட்டில் அலெக்ஸ் நேராக என்னிடம் வந்தார். “வேலை உனக்குத்தான், வெண்ணிலா.”

“எனக்காகத்தான் சார் அவ திரும்பினா.”

“பாத்துக்கினுதான் இருந்தேன். நாலு பேரைக் கூட்டிக்கினு போறவளே கவுந்தா, அவங்க கதி என்னம்மா?”

அன்பு முந்திக்கொண்டு பேசினாள். “சார் சொல்றது நியாயம்தான். நீ சேந்துக்கோ.” சொல்லிவிட்டு, தலை துவட்டுகிற மாதிரி துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

நான் வேலையில் சேர்ந்த அன்று அவள் காணையில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தாள்.