தேரோட்டத்தன்று அணையாத ஆண்டெனா

1. கிரில் பட்டறையிலிருந்து டவருக்கு

நான் செல்போன் டவர் வேலைக்கு ஆசைப்பட்டு வரவில்லை. நெல்லை பேட்டையில் ஒரு கிரில் பட்டறையில் வெல்டராக இருந்தேன். ஒருநாள் முதலாளி ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். அந்தச் சமயம் பார்த்து, உயரத்துக்குப் பயப்படாத ஆள் வேண்டும் என்று ஒரு டவர் கான்ட்ராக்டர் தேடிக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் நிறையவே உண்டு. அதை வெளியே காட்டிக்கொள்ள வராது, அவ்வளவுதான். அப்படி ரிக்கர் ஆனேன். டவரிலும் மொட்டைமாடியிலும் ஏறி ஆண்டெனா கட்டுகிறவனுக்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர்.

இப்போது நான் ஏறுவதில்லை, முட்டி ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் நிற்கிறேன். எந்த வகுப்பிலும் முதலில் வரும் கேள்வி இதுதான்: "சார், இந்தக் கதிர்வீச்சு ஆளைக் கொல்லுமா?"

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெருவில் நடக்கிறவருக்கும் எதிர்வீட்டில் தூங்குகிறவருக்கும் வந்து சேரும் அலை மிகக் கொஞ்சம். மீட்டர் வைத்து அளக்கும்போது நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். விதியில் சொன்ன வரம்பை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ஆண்டெனாவுக்கு நேர் முன்னால், கை எட்டும் தூரத்தில் நிற்பது வேறு கதை. அடுப்புக்குத் தள்ளி நின்றால் குளிர் காயலாம், அதற்காக அடுப்புக்குள்ளே போய் உட்கார முடியுமா? அந்த இடத்தில் அலை உடம்பைச் சூடாக்கும். கண்ணும் ஆண்களின் விதைப்பையும் அந்தச் சூட்டை அதிகம் தாங்காது என்று எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். அதனால்தான் பொதுமக்களுக்கு ஒரு வரம்பு, வேலை செய்கிற எங்களுக்கு ஒரு வரம்பு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மாடியில் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை தொங்குவதும் இதற்காகத்தான்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியும் எனக்கும் செல்விக்கும் பிள்ளை இல்லை. செல்விக்கு ஊர் ஏரல். அங்கே போனால் மாமியார் என்னிடம் நேரடியாக ஒன்றும் சொல்லமாட்டார். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, என் காதில் விழும்படி மச்சினனிடம் சொல்வார்: "டவர்ல ஏறுதவனுக்குப் பிள்ளை தங்காதாம்லே. ஊர்ல பேசிக்கிடுதாவ."

அப்படி ஒருமுறை கேட்டுவிட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் செல்வி ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள். "எங்கம்மா சொல்லுதத விடுங்க. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அது ஓடிக்கிட்டு இருக்கையில நீங்க முன்னால போயி நிக்கமாட்டியள்லா?"

"நிக்கமாட்டேன்" என்றேன்.

தலையில் அடித்துச் சத்தியம் செய் என்று அவள் கேட்கவில்லை. சொன்னதை அப்படியே நம்பித் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்குத்தான் டவுன் வந்து சேரும்வரை தூக்கம் வரவில்லை.

2. தொட்டிக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே

ஆனித் தேரோட்டம். டவுனில் நான்கு ரத வீதியும் ஒரே தலையாகத் தெரிந்தது. ஆனி மாதத்துக் காற்றைப் பற்றி நெல்லைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கொடியில் போட்ட வேட்டியை அடுத்த தெருவில் போய்த்தான் எடுத்து வரவேண்டும். அந்தக் காற்றில் ஒரு லாட்ஜ் மாடியிலிருந்த எங்கள் ஆண்டெனாவின் பிராக்கெட் தளர்ந்து, ஆண்டெனா ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது.

அந்த மாடியில் மூன்று ஆண்டெனாக்கள், ஆளுக்கு ஒரு திசை. ஒவ்வொன்றையும் ஒரு செக்டர் என்போம். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இரண்டாவது ரத வீதியைப் பார்த்தது. மூன்றாவது பின்னால் இருந்த சின்னச் சந்துப் பக்கம் பார்த்தது. திரும்பிக்கொண்டது இரண்டாவது. கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்டவர்கள், ஆளைத் தேடுகிறவர்கள் எல்லாரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் லைன் சரியாகப் போகவில்லை.

சூப்பர்வைசர் சங்கரலிங்கம் அண்ணாச்சி நல்ல மனிதர். மழைநாளில் தன் கைக்காசில் எங்களுக்குச் சுக்குக்காப்பி வாங்கித் தருவார். அன்றைக்கு மேலிடத்திலிருந்து போன்மேல் போன் வந்ததில் அவர் முகமே மாறிப்போயிருந்தது.

"என்னலே பாத்துக்கிட்டு நிக்க? தேரு நிலைக்குப் போனப்புறமாச் சரிபண்ணுவ?"

சாதாரணமாக ஆண்டெனாவின் முதுகுப் பக்கம் நின்றே வேலையை முடித்துவிடலாம். அந்த மாடியில் முதுகுப் பக்கம் பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டியிருந்தார்கள். முன்னால் நின்று, நெஞ்சை ஆண்டெனாவில் அணைத்தபடிதான் போல்ட்டை எட்ட முடியும். அப்படி நிற்பதற்கு முன் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்து அந்த செக்டரை அணைக்கச் சொல்லவேண்டும். அதை நாங்கள் லாக் என்போம். சட்டையில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னக் கருவியும் உண்டு. அலை அதிகமானால் அது கத்தும். மூன்று டீமுக்குச் சேர்த்து அந்தக் கருவி ஒன்றே ஒன்றுதான். அது அன்றைக்கு வள்ளியூர் போயிருந்தது.

வேறு கம்பெனி சிம் போட்ட அண்ணாச்சியின் போனில், ஸ்பீக்கரை வைத்து, சென்னை கண்ட்ரோல் ரூமுக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தார், பெயர் ரஹ்மத் என்றார். சைட் விவரம் கேட்டுக்கொண்டு, "செக்டர் ரெண்டு லாக் ஆயிடுச்சு" என்றார். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஒரு காலை மாடித் திண்டில் வைத்தேன்.

"அண்ணே, ஏறாதிய. செத்த பொறுங்க" என்றது போன்.

அதுவரை ஆபீஸ் தமிழில் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று நம் பேச்சுக்கு வந்ததும் எனக்கு ஆச்சரியம். "நீங்க எந்த ஊரும்மா?" என்றேன்.

"மேலப்பாளையம். அது கெடக்கட்டும். தேரு இப்பம் எங்கன வருது?"

"வாகையடி முக்குத் தாண்டியாச்சு. எங்களுக்கு நேர் கீழதான் வருது."

"அப்பம் அந்த ஆண்டெனா பாக்குத பக்கம் சனம் இருக்குமே?"

"எள்ளு போட்டா எள்ளு விழாது."

"நான் லாக் பண்ணுததுக்கு முன்னாலயே ரெண்டாவது செக்டர்ல ஆளே இல்லண்ணே. மூணாவதுலதான் அம்புட்டுப் பேரும் இருந்து பேசுதாவ. மூணாவது ஆண்டெனா சந்துப் பக்கம் பாக்குதுன்னு இங்க போட்டிருக்கு. தேரன்னைக்குச் சந்துக்குள்ள போயி யாரு நிக்கா?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அண்ணாச்சி போனைப் பிடுங்கினார். "எம்மா, ஆண்டெனா காத்துல திரும்பிக்கிட்டு நிக்கி. அதான் அதுல ஆள் இல்ல. இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நானும் தலையை ஆட்டினேன்.

"அப்படியும் இருக்கலாம் அண்ணாச்சி" என்றார் ரஹ்மத். "கீழ வயரெல்லாம் வந்து சேருத பெட்டியில ரெண்டும் மூணும் மாறியிருந்தாலும் இப்படித்தான் தெரியும். நான் சந்துப் பக்கத்து ஆண்டெனாவ அணைச்சுட்டு உக்காந்திருப்பேன். அந்த அண்ணன், ஓடிக்கிட்டு இருக்க ஆண்டெனாவுக்கு முன்னால போயி நிப்பாவ. பாக்காம நான் பெர்மிட் தரமாட்டேன்."

"ஒங்க மேனேஜர்ட்ட பேசுதேன் பாரு."

"பேசுங்க. அதுக்குள்ள அந்த அண்ணன ஒரு நீளக் கம்பு எடுக்கச் சொல்லுங்க."

என் நிலைமையைச் சொல்லவேண்டும். பட்டறை மூடி நடுத்தெருவில் நின்றவன் நான். இந்த வேலையும் போனால் வேறு போக்கிடம் இல்லை. அண்ணாச்சி இன்னும் ஒருதரம் "ஏறுலே" என்று சொல்லியிருந்தால் ஏறியிருப்பேன். செல்வியிடம் சொன்ன வார்த்தை அந்தத் திண்டின் மேலே வந்து நின்றது. அதைக் காப்பாற்ற எனக்கு வாய் வரவில்லை. முன்பின் பார்த்திராத ஒரு பெண்தான் எனக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

3. துணிக்கொடிக் கம்பு

லாட்ஜ்காரர்கள் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த கம்பை உருவினேன். என் போனில் எந்த செக்டரின் சிக்னல், எவ்வளவு வருகிறது என்று காட்டும் டெஸ்ட் ஆப் இருந்தது. அதைத் திறந்து, திரை என் பக்கம் தெரியும்படி போனைக் கம்பு நுனியில் டேப் சுற்றிக் கட்டினேன். பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, ஆண்டெனாவுக்கு முன்னால் பைய நீட்டினேன். கீழே நாதஸ்வரமும் "இழு, இழு" என்ற சத்தமும் காதை அடைத்தன. மாடியில் நான் போனை வைத்து மீன் பிடிக்கிறவன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

லாக் செய்த இரண்டாவது செக்டரைக் காணவே இல்லை. மூன்றாவதுதான் தெரிந்தது. ஆண்டெனாவை நெருங்க நெருங்க அது ஏறிக்கொண்டே போனது.

"பக்கத்து ஆண்டெனாவோட சிக்னலு இங்கனயும் அடிக்கும்லே" என்றார் அண்ணாச்சி. குரலில் பழைய வேகம் இல்லை.

"மூணாவதையும் லாக் பண்ணுதேன். கம்பை எடுக்காதிய" என்றார் ரஹ்மத்.

மளமளவென்று சிக்னல் இறங்கியது. வேறு திசை பார்த்த முதல் செக்டரின் மெலிந்த சிக்னல் மட்டும் மிச்சம். அப்படியானால் என் எதிரே நின்ற ஆண்டெனா அதுவரை முழுமூச்சாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. "அணைச்சாச்சு" என்று சொன்ன பிறகும்.

அண்ணாச்சி தொட்டியடியில் உட்கார்ந்துவிட்டார். "ஏலே, நான் ஒன்னய..." என்று ஆரம்பித்துப் பாதியில் எழுந்து வந்தார். என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கீழே போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். இரண்டுக்கும் மூன்றுக்கும் போகும் ஃபைபர் வயர் மாறிக் கிடந்தது. எப்போது, யார் மாற்றிச் செருகினார்களோ, தெரியாது.

இரண்டு செக்டரையும் லாக்கில் வைத்தபடி வேலையை முடித்தேன். நெஞ்சை ஆண்டெனாவில் அழுத்திக்கொண்டு போல்ட்டை முறுக்கினேன். அத்தனை நேரமும் கீழே ரத வீதியில் சிக்னல் இல்லை. தேர் போகும் நேரத்தில் இரண்டு செக்டரை ஏன் அணைத்தாய் என்று ரஹ்மத்தைக் கேள்விமேல் கேள்வி கேட்டுத் துளைத்தார்களாம். ஃபைபரை ஒழுங்காகச் செருகி, செக்டரெல்லாம் திரும்ப உயிர்பெற்றதும் நன்றி சொல்ல அடித்தேன்.

"இருங்கண்ணே, உம்மா லைன்ல வருது" என்று அம்மாவிடம் பேசப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்கிடாதிய. உம்மா எம் மவளக் கூட்டிக்கிட்டுத் தேரு பாக்கப் போயிருக்கு. காலைலேருந்து அடிக்கேன், லைனே போகல. இப்பந்தான் கெடச்சுது. ரெண்டு பேரும் பஞ்சுமிட்டாய் தின்னுக்கிட்டு நிக்காவளாம்."

லைன் எப்போது சரியாகும் என்று எல்லாரையும்விட அதிகமாகத் தவித்தவர் அவர்தான். மகள் கூட்டத்துக்குள் இருக்கும்போது, கொஞ்சநஞ்சம் இருந்த சிக்னலையும் தன் கையாலேயே அணைத்திருக்கிறார், யாரோ ஒருவன் அதன் முன்னால் நிற்கக்கூடாது என்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்றில் தூசி விழுந்துவிட்டது என்று அண்ணாச்சியிடம் சொன்னேன்.

அதன் பிறகு அண்ணாச்சி மேலிடத்தோடு சண்டை போட்டு டீமுக்கு ஒரு கருவி வாங்கிக் கொடுத்தார். நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். அணைத்தாயிற்று என்று காதால் கேட்டால் போதாது. சட்டையில் கருவி இருந்தாலும் சரி, கம்பை நீட்டிக் கண்ணால் பார்த்துவிட்டுக் காலை எடுத்து வை. வகுப்பில் கம்பைக் காட்டினால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நீட்டினால் சரி.

4. செல்வி கேட்டது

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பேரிடமும் குறை ஒன்றும் தெரியவில்லை, சிலருக்குக் காரணமே தெரியாமல் போவதுண்டு என்றார். காரணம் தெரிந்தால் அதன்மேல் கோபப்பட்டாவது ஆறலாம். தெரியாவிட்டால் மனசு எதையாவது தேடிப் போய்ப் பிடித்துக்கொள்ளும்.

டாக்டரைப் பார்த்துவிட்டுப் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றோம். செல்வி என் பக்கம் திரும்பி, "ஒண்ணு கேக்கணும், கோவப்படக்கூடாது. என்னைக்காவது, ஒரே ஒருநாளாவது, அது ஓடிக்கிட்டு இருக்கையில முன்னால நின்னியளா?" என்றாள்.

"இல்ல செல்வி" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். நான் தலையைக் குனியவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"அப்பம் சரி. அம்மா இனி வாயைத் தொறக்கட்டும், நான் பேசிக்கிடுதேன்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதாள். நானும் அழுதேன். யார்மேலும் பழி இல்லாத அழுகை அது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு சண்டையாக ஒருநாளும் வந்ததில்லை.

ரஹ்மத்தை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. நோன்புப் பெருநாளைக்கு அடித்து வாழ்த்துச் சொல்வேன். கூடவே ஒரு நன்றியும் சொல்வேன். "இன்னுமாண்ணே அந்தக் கம்புக் கதை?" என்று சிரிப்பார். பஸ் ஸ்டாப்பில் நான் சொன்ன அந்த "இல்ல" அவர் கொடுத்தது என்று இதுவரை அவரிடம் சொன்னதில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.