நற்கருணை கொண்டுபோன வீடு

"கெட்ட கட்டி இல்லம்மா. நிம்மதியாப் போங்க" என்றார் இராஜபாளையத்து டாக்டர். என் கழுத்திலிருந்து அறுத்தெடுத்த கட்டியின் ரிப்போர்ட் அவர் கையில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் அழுதுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில், அது வேறு யாருடைய ரிப்போர்ட்டாகவோ இருக்குமோ என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கடவுளுக்கு நன்றி சொல்லவும் பயமாக இருந்தது. சொன்ன மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிட்டால்?

மறுபடி பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியை மடித்துக்கொண்டிருக்கும்போதே கை தானாகக் கழுத்துக்குப் போகும். எச்சில் விழுங்கும்போது லேசாக உறுத்தினால் போதும், உடம்பு வேர்த்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது ஃபாதர் கூப்பிட்டார்.

"நோயாளிங்க வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோன சிஸ்டர் வேற ஊருக்கு மாறிப் போயிட்டாங்க. நீங்க செய்றீங்களாம்மா? பயிற்சி குடுப்போம்."

"நானா ஃபாதர்? எனக்கு என்ன தெரியும்?"

"விருந்துக்கு ஆண்டவர் எல்லாரையும்தான் கூப்பிடுறார். எழுந்து பூசைக்கு வர முடியாதவங்களுக்கு யாராவது அந்த அப்பத்தைக் கொண்டு போகணும்ல?"

சரி என்றேன். பக்தியால் அல்ல. மாட்டேன் என்று சொன்னால் கட்டி திரும்பி வந்துவிடும் என்று பயந்துதான் தலையாட்டினேன்.

பயிற்சி முடிந்ததும் முதல் வீட்டைச் சொன்னார். எங்கள் பங்குக் கோவிலிலேயே தையல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்காவின் வீடு அது. எனக்குக் கட்டி வந்த சமயத்தில்தான் அவருக்கும் தொண்டையில் வந்தது. எங்கள் இருவருக்காகவும் ஒரே பூசையில் ஜெபம் கேட்டார்கள். அவருக்கு வந்தது புற்று. எனக்கு நல்ல ரிப்போர்ட் வந்த பிறகு அந்தத் தெருப் பக்கம் போவதையே தவிர்த்திருந்தேன்.

பூசையில் அர்ச்சித்த அப்பம் இருந்த நற்கருணைச் சிமிழைச் சின்னப் பையில் வைத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். கடைத்தெரு வழியாக நடந்தேன். தெரிந்தவர்கள் யாரோ கூப்பிட்டார்கள்; நற்கருணையோடு போகையில் நின்று பேசக் கூடாது என்பதால் திரும்பவில்லை. வாசலில் நின்று கதவைத் தட்டக் கை வரவில்லை. அதற்குள் அவருடைய கணவரே திறந்துவிட்டார்.

"வாம்மா. காலையிலேருந்து ஒன்னையத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கா."

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். கழுத்தைச் சுற்றித் துணிக்கட்டு. கம்பெனியில் நாங்கள் மடிக்கிற அதே காஸ். என்னால் அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ஜெபங்களை அவசரமாக வாசித்தேன். அப்பத்திலிருந்து ஒரு துணுக்கை மட்டும் கிள்ளி, சொல்லிக் கொடுத்தபடி நாக்கில் வைத்து, ஸ்பூனில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.

அவருக்குப் புரை ஏறியது. கண்கள் பிதுங்கின. நான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். கால் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டது. அவர் கணவர் நிதானமாக அவரைத் தூக்கி உட்காரவைத்து முதுகைத் தடவினார்.

"பயப்படாதம்மா. தண்ணி குடிச்சாலும் இப்படித்தான். செத்த நேரத்துல சரியாயிரும்."

சரியானது. விழுங்கிவிட்டார். என்னைக் கிட்டே வரச்சொல்லிக் கையசைத்தார். காதை அவர் வாயருகே கொண்டுபோனேன். கணவரைக் கண்ணால் காட்டினார். காற்று மாதிரிதான் குரல் வந்தது.

"ஒனக்கு ஒண்ணுமில்லைன்னு இவிய வந்து சொன்னாக. அன்னைக்கே நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லிட்டேன்."

நானே சொல்லப் பயந்ததை இவர் சொல்லியிருக்கிறார், இந்தத் தொண்டையோடு. எனக்காக.

"நீ சொன்னியாட்டி?" என்றார்.

"இல்லக்கா. பயமா இருக்கு."

"எனக்கும்தான் பயம். ராத்திரியெல்லாம் பயம்." என் மணிக்கட்டைப் பிடித்தார். "சேந்து சொல்லுவமா?"

சொன்னோம். வார்த்தைகள் என்னுடையவை, அவர் உதடு மட்டும் அசைந்தது. டாக்டருக்காக, என் கழுத்துக்காக, அவர் விழுங்கிய அந்தத் துணுக்குக்காக. நடுவில் என் குரல் உடைந்தது. அவர் கணவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கட்டி வராமல் பார்த்துக்கொள் என்று நான் கேட்கவில்லை. அந்த அறையில் கேட்கத் தோன்றவில்லை.

அதன்பிறகு வாராவாரம் போனேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்குவதற்கு முன் அக்கா இறந்துபோனார். கடைசி வாரம் துணுக்கைக்கூட விழுங்க முடியவில்லை. சிமிழை அவர் கண்முன் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடக்கம் முடிந்த மறுவாரம், இன்னும் இரண்டு வீடுகளுக்குப் போக முடியுமா என்று ஃபாதர் கேட்டார். ஒரு வீட்டில் பக்கவாதம், இன்னொன்றில் புற்று. எந்த வீட்டில் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். புற்று இருந்த வீட்டுக்கு முதலில் போனேன். படியேறும்போதும் பயம் போகவில்லை. ஆனாலும் கதவைத் தட்டினேன்.