இடது கையுறைகள் எங்கே போயின

பழைய ரப்பர் எஸ்டேட் நிலத்தில் எழுந்த அந்த வண்டித் தொழிற்சாலையில் என் பொறுப்பு, வண்டியோடு வெளியே போகாத சாமான்கள். கையுறை, காதடைப்பான், ஒட்டுநாடா, துடைக்கும் துணி. இவை இல்லாமல் லைன் ஓடாது. ஆனால் விற்பனைக்குப் போகும் வண்டியில் இவற்றில் ஒன்றுகூட இருக்காது. செய்தித்தாள் வேலையை விட்டு, ஈப்போவிலிருந்து தினமும் தொழிற்சாலை பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பாதுகாப்பு அதிகாரி ஒரு தாளுடன் ஸ்டோருக்கு வந்தார். கதவுக்கு ரப்பர் பொருத்தும் பிரிவில் ஆறு பேர். ஐந்து ஆண்கள் கையெழுத்துப் போட்டுக் கையுறை வாங்கியிருந்தார்கள். தொழிற்சாலையிலேயே அதிகம் வாங்குகிறவர்கள் அவர்கள்தான். ஆறாவது ஆள் ஒரு பெண். ஐந்து மாதங்களாக அவர் ஒரு ஜோடிகூட வாங்கவில்லை.

“நேர்ல போய்ப் பாத்துட்டேன், போட்டுத்தான் இருக்கா,” என்றார் அதிகாரி. “எங்கேர்ந்து வந்துச்சுன்னா, கூட்டாளிங்க குடுத்தாங்கங்கறா. அவனுங்க வாங்கறது அவனுங்களுக்கே பத்தல. ஆடிட்டருக்கு நான் என்னத்தச் சொல்ல?”

அந்தப் பெண் ஒப்பந்தத்தில் இருந்தவர். அவரை நிரந்தரமாக்கும் கடிதம் தயாராகியிருந்தது. இந்தத் தாள் அதை நிறுத்திவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஸ்டோரிலிருந்து எழுத்தில் விளக்கம் போகவில்லையென்றால் ஒப்பந்தம் அத்தோடு முடியும்.

கவுண்டரில் இருந்தவர் பாரிட் புந்தார் ஊர்க்காரர். கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“அவ இந்தப் பக்கம் வந்ததே இல்லக்கா. சைன் இல்லாம எங்கப்பனுக்கே குடுக்க மாட்டேன்லா.”

பழைய ஜோடியைத் திருப்பித் தந்தால்தான் புதிய ஜோடி என்பது விதி. திரும்பியவை பிரிவுவாரியாகச் சாக்குப் பைகளில் கிடக்கும். அந்தப் பிரிவின் பையைத் தரையில் கொட்டி, ஓர் அட்டையை விரித்துப் பிரித்து வைத்தேன். வலது கை முப்பத்தெட்டு. இடது கை பதினொன்று. வலது கையுறைகள் எல்லாவற்றிலும் கட்டைவிரல் நுனி கிழிந்திருந்தது.

“ஜோடியா வாங்கலையா நீங்க?” என்று கேட்டேன்.

“கிழிஞ்சது ஒன்னு கண்ணுல பட்டா போதும்னு புதுசக் குடுத்துருவேன். கூட்டத்துல எண்ணிக்கிட்டா இருக்க முடியும்?” என்றவர், தரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். “ஆமா, எவன்க்கா இடது கைய மட்டும் திருடுவான்?”

அதுதான் எனக்கும் புரியவில்லை. பத்து மணி தேநீர் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்பாக லைனுக்குப் போனேன்.

“வாங்கக்கா, கிளவ்ஸ் போலீசு!” என்றான் ஒருவன். நான் ஓரமாக நின்று அவர்கள் வேலை செய்வதைப் பார்த்தேன். வண்டி மெதுவாக நகர்ந்து வரும். கதவு வாசலைச் சுற்றி நீண்ட ரப்பரை ஒரு கை பிடித்துக்கொள்ள, மறு கையின் கட்டைவிரல் அதை அங்குலம் அங்குலமாக அமுக்கிக்கொண்டே போகும். ஐந்து பேர் வலது கட்டைவிரலால் அமுக்கினார்கள். அந்தப் பெண் இடது கட்டைவிரலால் அமுக்கினார்.

மணி அடித்ததும் அவரிடம் கேட்டேன்.

“நான் கிடால்க்கா,” என்று இடது கையைத் தூக்கிக் காட்டினார். “சோறு தவிர எல்லாம் இந்தக் கைதான். இவனுங்களுக்கு வலது கிழிஞ்சா, இடது புதுசாவே இருக்கும். தூக்கிப் போடறத நான் வாங்கிப் போட்டுக்கறேன். கிழிஞ்சா குப்பைத் தொங்குல வீசிருவேன். வலதுக்கு, இவனுங்க கிழிச்சதுல ஒன்னே எனக்கு மாசக்கணக்கா ஓடும்.”

“இத அதிகாரிகிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“கூட்டாளிங்க குடுத்தாங்கன்னு சொன்னேனே. அதுக்கு மேல அவரு கேக்கலலா.”

“எங்க இடது கையெல்லாம் திருடுனவ இவதான்க்கா, உள்ள போடுங்க!” என்றான் முதலில் பேசியவன்.

“உன் வாயிலயும் ரப்பர வச்சு அமுக்கிருவேன் பாத்துக்க.”

ஒரே பக்கத்தில் எழுதினேன்: ஐந்து பேர் தங்கள் பேரில் வாங்கிய ஜோடிகளின் இடது கையுறையை இவர் போட்டு வந்திருக்கிறார். அது உண்மையென்று அந்த ஐந்து பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் தாளை நீட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. கையெழுத்துப் போட்டால், ஒற்றைக் கையுறையைத் திருப்பிவிட்டு ஒரு ஜோடி வாங்கினோம் என்று ஒப்புக்கொண்டதாகும். எச்சரிக்கைக் கடிதம் வரலாம். அதை மறைக்காமல் அவர்களிடம் சொன்னேன்.

அந்தப் பெண் சற்றுத் தள்ளி, ரப்பர் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

“மச்சான், நீ மொதல்ல போடு,” என்றான் ஒருவன்.

“ஏன், உனக்குக் கை வலிக்குதா?” என்று கேட்டுவிட்டு, அவர்களில் மூத்தவர் பேனாவை வாங்கினார். மற்ற நால்வரும் அவர் பெயருக்குக் கீழே போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். தன் இரண்டு கட்டைவிரல்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “ஆடிட்டர் இத நம்புவாரு,” என்றார். “இப்படி ஒன்ன யாரும் பொய்யா எழுத மாட்டாங்க. ஆனா இனிமே அவ பேர்ல அவளே வாங்கணும்.” ஐந்து பேருக்கும் வாய்மொழி எச்சரிக்கையோடு முடிந்தது. அன்று மாலையே நிரந்தரக் கடிதம் அந்தப் பெண்ணின் கைக்கு வந்தது.

திங்கட்கிழமை அந்தப் பெண் முதல்முறையாகக் கவுண்டருக்கு வந்து, பேரேட்டில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். இடது கையுறையை மாட்டிக்கொண்டு, வலதை வரிசையில் பின்னால் நின்ற மூத்தவரிடம் கொடுத்தார். கையில் கிழிந்த வலது கையுறையோடு நின்ற அவர், புதியதைப் போட்டுப் பார்த்துவிட்டு, வரிசையிலிருந்து விலகி லைனுக்குத் திரும்பிவிட்டார்.

கவுண்டர்க்காரர் என்னைப் பார்த்தார். “இத எப்படிக்கா எழுத?”

“ஒரு ஜோடின்னு எழுதுங்க,” என்றேன்.