லியோன்சியோ நடந்து ஜெயித்த கதை

மட்டையைப் பிடித்தவன் வீசித்தான் ஆக வேண்டும் என்பது எங்கள் தீவு ஊரான சான் பெத்ரோவில் தாய்ப்பாலோடு புகட்டுகிற விஷயம். வாகாக வராத நாலு பந்தைத் தொடாமல் விட்டால் அடித்துவிட்டு ஓடித் தொட வேண்டிய முதல் பேஸுக்கு இனாமாக நடந்து போகலாம். பேஸ்பாலில் அது சட்டம். எங்கள் ஊரில் அது மானக்கேடு. "நடந்து போய் எவனும் இந்தத் தீவைத் தாண்டினதில்ல" என்பார்கள். அமெரிக்காவிலிருந்து ஆள் பிடிக்க வருகிறவர்கள் விளாசுகிறவனைத்தானே பார்ப்பார்கள்.

லியோன்சியோவுக்கு மட்டும் இது மண்டையில் ஏறவே இல்லை. கெட்ட பந்தென்றால் சிலையாக நின்றுவிடுவான். 'கம்பம்' என்று பேர் வைத்தோம். மைதான வாசலில் பன்றிக்கறி வறுத்து விற்கும் அவன் அண்ணன் நெரேயோதான் கேலியிலும் முதல் ஆள்: "டேய் கம்பம், நாய் வந்து காலைத் தூக்கப்போவுது, ஆடுடா!"

அப்படியும் அவன் தீவைத் தாண்டினான். அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர் அணிகளில் பத்து வருஷம், பஸ்ஸிலேயே தூங்கி எழுந்து விளையாடினான். பெரிய அணியிலிருந்து அழைப்பு வரவே இல்லை. முட்டி தேய்ந்து திரும்பியவனை எங்கள் அணி சேர்த்துக்கொண்டது, பாதி நாள் பெஞ்சைத் தேய்க்கத்தான். முப்பத்தெட்டு வயதில் அவனுக்கு ஒரே ஆசைதான் மிச்சம்: சொந்த ஊருக்கு ஒரு கோப்பை. அந்த சீசனோடு தன் சீட்டு கிழிந்துவிடும் என்று அவனுக்கும் தெரியும்.

இறுதி ஆட்டம், கடைசிச் சுற்று, சமநிலை. இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் போனால் எங்கள் முறை முடிந்தது. மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள். பந்தெறியத் தெம்புள்ள கை எங்களிடம் ஒன்றுகூட இல்லை, இப்போதே முடித்தால்தான் உண்டு. மேனேஜர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். "லியோன்சியோ, போ. அடிக்கிற வழியைப் பாரு."

"உங்கம்மா மேல ஆணை, இன்னிக்காவது அடிடா!" என்றது வேலியோரத்திலிருந்து நெரேயோவின் குரல். அம்மா இருவருக்கும் ஒன்றுதான் என்பது அவனுக்கு அப்போது நினைவில்லை.

இரண்டு நல்ல பந்துகளை அடித்தான். இரண்டும் கோட்டுக்கு வெளியே போயின. மூன்று கெட்ட பந்துகளை விட்டான். இன்னொரு நல்ல பந்தைத் தவறவிட்டால் அவுட், இன்னொரு கெட்ட பந்தென்றால் நடை; இனி ஒரே பந்து. அது இடுப்புயரத்தில் வெண்ணெய் மாதிரி வந்தது. அவன் தோள் துடித்தது. ஊரே வீசு என்றது. கண் மட்டும் வேண்டாம் என்றது. அவன் கண்ணை நம்பினான். கடைசி நொடியில் பந்து வெளியே வழுக்கிப் போனது. நடுவர் கையைத் தூக்கவில்லை. நாலாவது கெட்ட பந்து.

முதல் பேஸ் லியோன்சியோவுக்கு என்றால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பேஸ் நகர வேண்டும்; மூன்றாம் பேஸில் நின்றவன் ஜெயிக்கிற ஓட்டத்தோடு குதித்துக்கொண்டே வந்து சேர்ந்தான். ஜனம் வேலி தாண்டிக் கொட்டி, லியோன்சியோவைத் தோளில் தூக்கிவிட்டது.

"இறக்குங்கடா பாவிங்களா! நான் போய் முதல் பேஸைத் தொட்டாத்தான் ஓட்டம் கணக்குல வரும். நடுவர் பாத்துக்கிட்டே நிக்கிறாரு."

நெரேயோ கறி இடுக்கியை ஆட்டிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்தான். "விலகுங்கய்யா, விலகுங்க. என் தம்பி நடக்கணும்."

நடக்கிறவனை எள்ளியே வளர்ந்த ஊர் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. லியோன்சியோ அவசரப்படவில்லை. இத்தனை வருஷக் கேலிக்கும் சேர்த்து நிதானமாக நடந்தான். பக்கத்தில் நெரேயோ அழுதுகொண்டே நடந்தான்.

"நல்லா அழுத்தி மிதிடா, கம்பம்."

மிதித்தான். நடுவர் தலையசைத்தார். பின்னால் நாங்கள் அத்தனை பேரும் நடந்தே வந்திருந்தோம்.