மூட்டையும் வள்ளமும்

புள்ளியியலில் பட்டம் வாங்கிய கையோடு கிருஷ்ணகிரியில் விவசாய ஆபீஸில் சேர்ந்தேன். அறுபதுகளின் கடைசி. அந்த வாரம் மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை. எந்த ஊருக்கு எவ்வளவு உரம் என்று முடிவு செய்ய, வயலுக்குப் போட்ட எருவுக்கும் விளைந்த ராகிக்கும் உள்ள தொடர்பை வரைபடமாகக் கேட்டிருந்தார் ஆபீசர்.

ராயக்கோட்டைக்காரர்கள் விளைச்சலை மூட்டையில் சொல்லியிருந்தார்கள், மலைமேல் இருக்கும் நாட்றாம்பாளையத்தார் வள்ளம் என்கிற தானிய அளவையில். இரண்டையும் ஒரே தாளில் எப்படிப் போடுவது? கல்லூரியில் படித்ததுதான் கைகொடுக்கிறதே என்று எருவையும் விளைச்சலையும் ஊர்வாரியாகத் திட்ட மதிப்பாக்கினேன். அந்தந்த ஊரின் சராசரியைக் கழித்து, சிதறலைக் காட்டும் திட்ட விலக்கத்தால் வகுத்தால் மூட்டையும் வள்ளமும் காணாமல் போகும். போயின. புள்ளிகள் ஒரே கோட்டோரமாக அழகாக ஏறின.

"பரவால்லியே! ரெண்டு ஊரும் ஒண்ணாத்தான்யா இருக்கு. அப்ப நிலத்தளவுக்கு உரத்தைப் பிரிச்சிரலாம்," என்றார் ஆபீசர். நிலம் அதிகம் ராயக்கோட்டையில்.

விவரம் கேட்க நாட்றாம்பாளையத்திலிருந்து ஒரு விவசாயி வந்திருந்தார். தாளைக் காட்டினேன்.

"ஒண்ணாவா? அவுங்க எருக்குப்பைய வண்டி வண்டியா கொட்றாங்க. நாங்க கூடையில செமந்து ஏத்தறோம். என்னா சார் கணக்கு இது?"

அப்போதுதான் புரிந்தது. ஊர் ஊராகச் சராசரியைக் கழித்தபோது, ஊருக்கும் ஊருக்கும் இருந்த வித்தியாசத்தையே கழித்துவிட்டிருக்கிறேன்.

"உங்க வள்ளத்துல எத்தனை போட்டா ஒரு மூட்டை?"

"இருவத்தஞ்சு. இத மொதல்லயே கேட்டிருக்கலாமில்ல?"

கேட்டிருக்கலாம். ஒரு வண்டிக்கு எத்தனை கூடை என்றும் கேட்டுக்கொண்டு, எருவை வண்டியாகவும் விளைச்சலை மூட்டையாகவும் மாற்றி, முதலிலிருந்து புள்ளி வைத்தேன். கண் எரிந்தது. ராயக்கோட்டை மேலே வலப்பக்கம்; நாட்றாம்பாளையம் கீழே இடது மூலையில் ஒரு சின்னக் கும்பல், எருவும் குறைவு, விளைச்சலும் குறைவு.

ஆபீசர் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "மொதல்ல போட்டதுதான்யா பார்க்க லட்சணமா இருந்துச்சு."

"அது தப்பு சார்."

"ராயக்கோட்டைக்காரன் சண்டைக்கு வந்தா நீதான் பதில் சொல்லணும்." நாட்றாம்பாளையத்தின் பங்கை உயர்த்திக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து விவசாயியிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

"உரம் எப்ப சார் வரும்? மழை புடிச்சிட்டா மலைமேல லாரி ஏறாது."

அதைக் கேட்க, உள்ளே போய் ஆபீசர் மேஜை முன்னால் மறுபடி நின்றேன்.